பழைய வான் வாங்கும் படலம்

முன்னாளிலே ஒரு குடும்பம் மாடு வாங்கப் புறப்பட்டால், சுழி பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லும். அவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். குளம்பைத் தட்டிப் பார்ப்பார். நாலடி நடக்கவிட்டுப் பின்னே நின்று நோக்குவார். விற்பவன் பாடும் புகழுரை எதுவும் அவர் காதில் ஏறாது. இன்று மாடு நின்ற இடத்தில் மோட்டார் வான் வந்து நிற்கிறது. விலையோ ஒரு பட்டி மாட்டின் விலையிலும் மிகுதி. ஆயினும் வாங்கப் போகின்றவர்களிற் பலர் சுழி பார்ப்பதில்லை. பூச்சுப் பளபளக்கிறதா, பாட்டுப் பெட்டி பாடுகிறதா, இருக்கை உறை புதியதா என்று பார்த்துவிட்டு, நகையை அடகு வைத்துப் பெற்ற பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இறக்கக்கண்டியை எடுத்துக்கொள்வோம். திருகோணமலைப் பட்டணத்துக்கு வடக்கே, நிலாவெளியைத் தாண்டிப் புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில் உள்ள கரையோரக் கிராமம் அது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. களப்பின் மேலே 2009 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நீண்ட பாலம். பட்டணத்துக்கு ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். பகலில் பஸ் உண்டு. நள்ளிரவில் நோயாளி ஒருவரைக் கொண்டு செல்ல 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் பெறலாம். ஆனால் மறுநாள் அவரைப் பார்க்கச் செல்வதற்கும், கிழமைதோறும் சிகிச்சைக்குக் கொண்டுபோய்த் திரும்ப அழைத்து வருவதற்கும், பிள்ளைகளை மாலை வகுப்புக்கு அனுப்புவதற்கும் அம்புலன்ஸ் வராது. முச்சக்கரவண்டியில் மூவருக்கு மேல் ஏற முடியாது. ஆதலால் இத்தகைய ஊர்களில், அண்ணன் தம்பி இருவர் கூடியோ மாமனும் மருமகனும் கூடியோ ஒரு வான் வாங்க விரும்புவதை ஆடம்பரம் என்று எவரும் சொல்லார். அவர்கள் கையில் இருப்பது ஒருமுறை மட்டுமே சேரும் பணம். அது பழுதான வானிற் போய் விழுந்தால், வானும் இல்லை, நகையும் இல்லை என்ற நிலை வந்துவிடும். ஆகவே இதைச் சற்று விரிவாக ஆராய்வது தகும்.

முதலில், சந்தையில் நிற்கும் வான்கள் எங்கிருந்து வந்தவை என்பதை அறிதல் வேண்டும். நம்மைப் போலவே யப்பானியரும் வீதியின் இடப்பக்கத்தில் வாகனம் செலுத்துபவர்கள். ஆகையால் அவர்கள் கழிக்கும் வான் நமக்கு மாற்றமின்றிப் பொருந்துகிறது. நன்றாக ஓடும் வானை அவர்கள் ஏன் கழிக்கிறார்கள்? அங்கே ‘ஷாக்கென்’ எனப்படும் கட்டாய வாகனச் சோதனை ஒன்று உண்டு. சொந்தப் பாவனைக் காருக்கு முதற்சோதனை மூன்றாம் ஆண்டிலும் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் வரும். பொருள் ஏற்றும் சிறிய வானுக்கோ முதல் இரண்டு ஆண்டுகள் கழிந்த பின் ஆண்டுதோறும் சோதனை. அதற்குரிய செலவையும் வரியையும் கணக்கிட்டுப் பார்க்கும் யப்பானியர், பழையதை ஏலத்துக்கு விட்டுப் புதியதை வாங்குவதே நலம் என்று கருதுகின்றனர். அன்றியும், 2001 ஆம் ஆண்டு திருத்தப்பட்ட நைதரசன் ஒட்சைட்டுச் சட்டமும், 2003 ஒக்டோபரில் தோக்கியோவில் நடைமுறைக்கு வந்த டீசற் கட்டுப்பாடும், பழைய டீசல் வான்களைப் பெருநகரங்களிலிருந்து விரட்டின. விரட்டப்பட்டவை கப்பலேறிப் பிற நாட்டுத் துறைமுகங்களை நாடின.

நம் நாட்டில் 2020 ஆம் ஆண்டு, அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் புதிதாக ஏதும் வராமையால், உள்ளே இருந்த பழைய வான்களின் விலை ஏறியது. கதவு திறந்த பின்னும், சுங்கவரி, உற்பத்தி வரி, பெறுமதிசேர் வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதால், புதிதாக இறக்கப்படும் வானின் பக்கம் நடுத்தரக் குடும்பம் நெருங்குவது அரிது. எனவே நாம் ‘பாவித்த வான்’ என்று சொல்லும்போது, யப்பானியன் ஒருவன் பாவித்து, பின் நம் நாட்டில் இரண்டு மூன்று பேர் பாவித்து, நான்காம் அல்லது ஐந்தாம் கைக்கு வருவதையே சொல்கிறோம். பொருளியல் பயிலும் மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்: வரத்து நின்றபோது, ஆண்டுக்காண்டு தேயும் இரும்புப் பொருளே ஆண்டுக்காண்டு விலையேறிய விந்தையை நாம் நேரிற் கண்டோம்.

இனி வகைகள். டொயோட்டா நிறுவனத்தின் ஹையேஸ் 1967 இல் பிறந்தது. அதன் நான்காம் தலைமுறை 1989 இல் வந்தது. மூக்கின் வடிவம் பற்றியோ யாது பற்றியோ நம்மவர் அதற்கு ‘டொல்பின்’ என்று பெயரிட்டனர். 2004 இல் வந்த ஐந்தாம் தலைமுறையை ‘கே.டி.எச்.’ என்கிறோம், அது டீசல் வகை ஒன்றின் குறியீடேயன்றிப் பெயரன்று. இவற்றுக்குப் போட்டியாக நிசான் கரவன் உண்டு. சிறிய குடும்பத்துக்கு டொயோட்டாவின் டவுன் ஏஸ், லைட் ஏஸ், மஸ்டாவின் பொங்கோ முதலியன உள்ளன.

டொல்பினின் டீசல் எஞ்சின் பழைய முறைப்படி, பம்பி மூலம் எண்ணெய் பாய்ச்சுவது. சத்தம் மிகுதி, வேகம் குறைவு, ஆனால் எந்தச் சிறு பட்டணத்திலும் அதைத் திருத்தத் தெரிந்த ஒருவர் இருப்பார். கே.டி.எச். வானிலோ எண்ணெய் மிகுந்த அழுத்தத்தில், மின்னணுக் கட்டுப்பாட்டுடன் பாய்ச்சப்படுகிறது. ஓட்டம் இனிது, ஆயினும் அழுக்கு டீசலை அது பொறுக்காது. ஊசித்துவாரம் போன்ற இன்ஜெக்டர்கள் பழுதுபட்டால், திருத்துஞ் செலவு ஒரு சிறு குடும்பத்தின் பல மாத வருவாயை விழுங்கும். ஆதலால் ஒரே விலைக்குக் களைத்துப்போன கே.டி.எச். ஒன்றும் நலமான டொல்பின் ஒன்றும் கிடைக்குமாயின், டொல்பினையே தெரிக என்பது என் துணிபு. பிள்ளைகள் முகஞ் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்.

எத்தனை இருக்கை வேண்டும் என்பதையும் முதலிலேயே தீர்மானித்தல் நன்று. கல்யாணம், திருவிழா, கதிர்காம யாத்திரை என்று ஆண்டில் ஐந்தாறு நாட்களுக்கே பன்னிரண்டு பேர் செல்ல நேரிடும். மற்றைய நாட்களில் வானில் இருப்பவர் மூவரோ நால்வரோதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய வான் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றரும் சிறியது பதின்மூன்றும் ஓடுவதாகக் கொள்வோம். இறக்கக்கண்டியிலிருந்து பட்டணஞ் சென்று திரும்பினால் நாற்பது கிலோமீற்றர். பெரியதற்கு நான்கு லீற்றர், சிறியதற்கு மூன்றுக்குச் சற்று மேல். மாதம் இருபத்தைந்து நாட்கள் ஓடினால் இருபது லீற்றருக்கு மேல் வேறுபாடு. ஓராண்டில் மிஞ்சும் அத்தொகையைக் கொண்டு திருவிழாவுக்குப் பெரிய வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்திவிடலாம். இன்னொரு செய்தியும் உண்டு. சாரதி உட்பட ஒன்பது இருக்கைகளுக்கு மேற்பட்ட வானைச் செலுத்த, மோட்டார் காருக்குரிய சாதாரண சாரதி அனுமதிப்பத்திரம் போதாது. வீட்டில் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் எவ்வகை பெற்றிருக்கிறார் என்று பாராமல் பதினான்கு இருக்கை வானை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்துவோர் உளர்.

இப்போது தலையாய விடயத்துக்கு வருவோம். அது உப்பு.

யப்பானின் வடபகுதியிலும் மேற்குக் கரையிலும் மாரிகாலத்தில் பனி குவியும். வீதிப் பனியை உருக்க உப்பையும் கல்சியம் குளோரைட்டையும் தூவுவார்கள். அந்த உப்புச் சேறு வானின் அடிவயிற்றிலே தெறித்து ஒட்டிக்கொள்ளும். இவ்வாறு ஐந்தாறு மாரிகளைக் கண்ட வான், நம் துறைமுகத்தில் இறங்கும்போதே உள்ளே கறளை விதைத்துக்கொண்டு வருகிறது. பின்பு அது நம் கரையோரத்துக்கு வருமாயின், கடற்காற்றின் ஈரமும் உப்பும் அந்த விதைக்கு நீர் வார்க்கின்றன. போதாக்குறைக்கு, ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றியிருந்தால், உப்புநீர் உட்தரையில் வடிந்து, விரிப்பின் கீழே தேங்கி, தகட்டை மேலிருந்தும் தின்னும். எஞ்சின் கெட்டால் வேறொன்று மாற்றலாம். கியர்ப்பெட்டி கெட்டால் திருத்தலாம். அடித்தகடு தின்னப்பட்ட வானுக்கு மருந்தில்லை. ஆகவே கரையோரத்தில் வாழும் நாம், எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் அடியைப் பார்க்க வேண்டும்.

பார்க்கும் முறை எளிது. பழைய சாரம் ஒன்றை உடுத்திக்கொண்டு, ஒரு மின்சூளும், சிறு காந்தமும், மழுங்கிய ஸ்குரூ டிரைவரும் எடுத்துச் செல்லுங்கள். கராஜில் தூக்கி நிறுத்திப் பார்க்க விற்பவர் இசையாவிட்டால் அங்கேயே விடைபெறலாம். அடியிலே நீளவாட்டில் ஓடும் சட்டங்களை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு ‘கணீர்’ என்னும். கறள் உண்டது ‘பொத்’ என்னும். புதிதாகக் கருந்தார் பூசியிருந்தால் ஐயுறுங்கள்: விற்பதற்கு முந்திய கிழமை எவனும் அன்பினால் தார் பூசுவதில்லை. சில்லுகளுக்கு மேலுள்ள வளைவுகள், இழுகதவின் கீழ்த் தண்டவாளம், கூரையின் நீர்க்கால், முன்கண்ணாடியின் ஓரம், ஜாக்கி வைக்கும் இடம் ஆகியன கறள் முதலில் தலைகாட்டும் இடங்கள். வெளித்தகட்டில் காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள். பற்றாத இடத்தில் உள்ளே இருப்பது இரும்பன்று, புட்டி. பின்பு உள்ளே ஏறி, விரிப்பைக் கிளப்பிப் பாருங்கள். குனிந்து முகர்ந்தும் பாருங்கள். எத்தனை வாசனைத் திரவியம் தெளித்தாலும், வெயிலில் மூடி வைத்த வானில் மீன் நாற்றம் பொய் சொல்லாது. மூக்கும் ஒரு பரிசோதனைக் கருவிதான், இலவசமானதுங்கூட.

சந்தையில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று: “சேர், இது யப்பானிலே ஒரு கிழவர் கோயிலுக்கு மட்டும் ஓடின வான். மீற்றரைப் பாருங்கோ!” அந்தக் கிழவர் எத்தனை ஆயிரம் வான்களை வைத்திருந்தாரோ, நாம் அறியோம். மீற்றர் இலக்கத்தைக் குறைப்பது கைதேர்ந்தவனுக்குச் சில நிமிட வேலை. மிதிபலகையின் இறப்பர் தேய்ந்து வழுவழுப்பாகி, சுக்கானின் தோல் மினுங்கி, சாரதி இருக்கையின் விளிம்பு நைந்திருக்க, மீற்றர் மட்டும் எழுபதினாயிரம் என்று காட்டினால் மீற்றரை நம்புவதா, மிதிபலகையை நம்புவதா? அண்மைக் காலத்தில் இறக்கப்பட்டதாயின் யப்பானிய ஏலத்தாளைக் கேட்டுப் பெறலாம். சசி இலக்கத்தைக் கொண்டு அத்தாளின் பிரதியைத் தேடித்தரும் சேவைகளும் உண்டு. அதிலே நாலு, நாலரை, மூன்றரை என்று தரம் இட்டிருப்பார்கள். ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து இருந்தால், விபத்துக்குப் பின் திருத்தப்பட்டது என்பது பொருள். வானின் படத்தில் ‘எஸ்’ என்று குறித்த இடத்தில் கறளும், ‘சி’ என்று குறித்த இடத்தில் அரிப்பும் உண்டென அறிக.

எஞ்சினைப் பற்றிச் சுருங்கச் சொன்னாற் போதும். விற்பவருக்கு முன்னறிவித்தலின்றிக் காலையிலேயே செல்லுங்கள். முன்னிருக்கையைத் தூக்கி எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிரில் கிளம்ப மறுக்கும் நோயை மறைக்கிறார் என ஐயுறலாம். கிளப்பியவுடன் சிறிது புகை வந்து நின்றால் குற்றமில்லை. நீலப்புகை நில்லாது வந்தால் எஞ்சின் ஒயிலைக் குடிக்கிறது. வெண்புகை நீங்காமலும் ரேடியேற்றர் நீர் குறைந்துகொண்டும் இருந்தால் தலைப்பகுதியில் கோளாறு. ஒயில் ஊற்றும் வாயைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது அவ்வழியே புகை குபுகுபு என்று வருகிறதா என நோக்குக. பல டொயோட்டா டீசல் எஞ்சின்களில் உட்பட்டி ஒன்று உண்டு. ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. மாற்றியதற்குச் சான்றில்லையேல், மாற்றவில்லை என்றே கொண்டு விலை பேசுக. குளிரூட்டியை அரை மணிநேரம் ஓடவிட்டு, பின்னிருக்கையில் அமர்ந்து பாருங்கள். வயோதிபர்கள் அமரப்போவது அங்கேதான்.

பின்னிருக்கை என்றதும் மற்றொன்று சொல்ல வேண்டியுள்ளது. வான் வாங்குவோர் பெரும்பாலும் கவனியாததும், பிள்ளைகளின் உயிரோடு தொடர்புடையதும் இதுவே. நம் நாட்டுக்கு வந்த ஹையேஸ்களிற் பல, யப்பானில் பொருள் ஏற்றுவதற்கென்று செய்யப்பட்டவை. அவற்றில் இருந்தவை முன்வரிசையும், மடித்துவைக்கத்தக்க ஓர் இரண்டாம் வரிசையுமே. அதற்குப் பின்னுள்ள வரிசைகளெல்லாம் இங்கேயுள்ள பட்டறைகளில் பொருத்தப்பட்டவை. நன்றாகப் பொருத்தும் பட்டறைகளும் உண்டு. ஆனால் மெல்லிய தரைத்தகட்டில் ஓட்டை போட்டு, கீழே தாங்கு தகடின்றி, ஒரு சிறு வாசரும் சுரையும் மட்டும் இட்டு முறுக்கிய இருக்கைகளையும் காணலாம். அவ்வோட்டையைச் சுற்றிக் கறள் பிடித்தால், திடீரென நிறுத்தும்போது இருக்கையும் அதிலிருக்கும் பிள்ளைகளும் ஒருங்கே முன்னே பறப்பர். ஆகவே ஒவ்வோர் இருக்கையின் முதுகையும் இரு கையாலும் பிடித்து வலிந்து உலுக்குங்கள். வானின் கீழே சென்று ஆணிகள் எங்கே வெளிவருகின்றன, தாங்கு தகடு உண்டா என்று பாருங்கள். ஆசனப்பட்டிகள் உள்ளனவா, அவை சட்டத்தில் பூட்டப்பட்டனவா, வெறும் அலங்காரமா என்றும் இழுத்துப் பாருங்கள். 2011 முதல் முன்னிருக்கைகளுக்குப் பட்டி கட்டாயம். பின்னால் இருக்கும் குழந்தைக்குச் சட்டம் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குறையிருப்பின், தேர்ந்த பட்டறையில் இருக்கைகளைக் கழற்றி மீளப் பொருத்தும் செலவை விலையிற் கழித்துக் கேளுங்கள். தரமறுத்தால் வேறு வான் பாருங்கள்.

பத்திரங்களைப் பற்றி. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கிய பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதியை உங்கள் கையில் வைத்து, சசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வானில் பொறித்துள்ளவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. இலக்கத்தைச் சுற்றி உருக்கி ஒட்டிய தழும்பு இருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். சான்றிதழில் முழு உரிமையாளர் என்று ஒரு லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்குமாயின், கடன் தீர்ந்து அந்நிறுவனம் விடுவிப்புப் பத்திரம் தரும்வரை அந்த வான் விற்பவருக்கே சொந்தமன்று. பதிந்த இருக்கை எண்ணிக்கையையும் உள்ளே உள்ளவற்றையும் எண்ணிப் பாருங்கள். கூடுதலாக இருந்தால், விபத்து நேர்ந்தபின் காப்புறுதி பெறும் வேளையில் அந்தக் கூடுதல் இருக்கை உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடும். வருமான அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் தவறாமற் புதுப்பிக்கப்பட்டதா என்றும் பார்க்க. புதுப்பிக்கப் புகைச் சோதனைச் சான்றும் காப்புறுதியும் வேண்டும். ஆதலால் ஈராண்டு இடைவெளி இருந்தால் அதற்கொரு காரணம் இருக்கும்.

கையொப்பம் மட்டும் இட்டு, வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்ட பத்திரங்களோடு கைமாறி வரும் வான்கள் பல. ‘ஓப்பன் பேப்பர்’ என்று அதற்குப் பெயர். நாலு பேர் கைமாறியும் முதலாமவர் பெயரிலேயே வான் இருக்கும். அவர் வெளிநாடு சென்றிருக்கலாம், இறந்தும் இருக்கலாம். அப்படிப்பட்ட வான் எத்துணை மலிவாயினும், அதன் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்ற நீங்கள் அலையும் அலைச்சலை விலையோடு கூட்டினால் மலிவு மறைந்துவிடும்.

பணத்தைப் பங்கிடும் முறை குறித்து என் கருத்து இது. கையிலுள்ள தொகையைப் பத்துப் பங்காக்குக. ஏழு பங்குக்கு மேல் வானுக்குக் கொடுக்கலாகாது. ஒரு பங்கு உரிமை மாற்றம், காப்புறுதி முதலியவற்றுக்கு. எஞ்சிய இரண்டு பங்கும் முதல் மூன்று மாதத்துக்கு: நான்கு டயர், பற்றரி, உட்பட்டி, பிரேக் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு நிச்சயம் கையை நீட்டும். பத்துப் பங்கையும் வானுக்கே கொடுத்தவர், பிரேக் தேய்ந்ததை அறிந்தும் ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செல்வதைக் கண்டிருக்கிறோம். லீசிங் எடுப்பவர், மாதத் தவணையோடு டீசற் செலவையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். 2022 இல் எண்ணெய் வரிசைகளில் நாட்கணக்கில் வான்கள் அசையாது நின்றபோதும், தவணை மட்டும் மாதந்தோறும் ஓடிவந்தது.

விலை பேசப் போகும்போது மூவர் போனால் நன்று: ஓட்டத் தெரிந்தவர் ஒருவர், திருத்தத் தெரிந்தவர் ஒருவர், வீட்டுக் கணக்கை வைத்திருக்கும் அம்மா ஒருவர். முதலிருவரும் வானில் மயங்கினாலும் மூன்றாமவர் மயங்கமாட்டார். தரகர் கொண்டுவரும் மெக்கானிக்கின் சொல்லை ஏற்க வேண்டாம். உங்கள் செலவில் உங்கள் ஆளைக் கொண்டு செல்லுங்கள். முதல் நாளே முற்பணம் கொடாதீர்கள். “இன்னொருவர் வெளியே காசோடு நிற்கிறார்” என்று சொல்லப்படுமாயின், அவருக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு வீடு திரும்பலாம்.

வாங்கியாயிற்று எனின், கரையோரத்தாருக்கு ஒரே ஒரு வழக்கம் மிகவும் வேண்டியது. கிழமைக்கு ஒருமுறை, வெளியைக் கழுவாவிட்டாலும் அடியை நன்னீரால் கழுவுங்கள். சில்லு வளைவுகளின் உள்ளே விரலை விட்டு மண்ணை வழித்தெடுங்கள். களப்பு நீர் ஏறிய வீதியில் ஓடிய நாளன்று, அன்றிரவே கழுவுதல் வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன், புரட்டாதியில், ஒருமுறை தூக்கி நிறுத்தி, கறளைச் சுரண்டி, அதற்குரிய பூச்சுப் பூசி, நன்கு காய்ந்தபின் தார் அடிக்கலாம். கதவுகளின் அடியிலே நீர் வடிவதற்கென்று சிறு துவாரங்கள் உண்டு. அவை மணலால் அடைபட்டிருந்தால் ஒரு ஈர்க்கை விட்டுக் குத்தித் திறந்து விடுங்கள்.